பாதியாக்கு, வர்க்கமாக்கு: பெரிய அடுக்குகளைச் சீக்கிரம் காணும் முறை வந்த வழி

2-இன் 30-ஆம் அடுக்கு என்ன? கால்குலேட்டரைத் தொடாமல் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலானவர்கள் 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போவார்கள். மொத்தம் 29 பெருக்கல். நடுவில் எங்காவது கவனம் சிதறினால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் தப்பு. இதையே 7 பெருக்கலில் முடிக்கலாம். இன்று கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் எல்லோருக்கும் இந்த முறையைச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அதன் வயது இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் என்பதையும், பிறந்த இடம் கணித நூல் அல்ல, யாப்பு நூல் என்பதையும் பலரும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

நான் பல வருடம் இந்த முறைக்குப் புரோகிராம் எழுதிவிட்டுத்தான், பழைய சமஸ்கிருத யாப்பு ஆசிரியர் பிங்கலரின் நான்கு சூத்திரங்களைப் படித்தேன். என் புரோகிராமில் இருந்த நான்கு வரிகளும் அதில் அப்படியே இருந்தன. அன்று ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை. நீங்களும் ஒவ்வொரு கட்டத்தையும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டி. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல், பெருக்கல், ஒற்றை இரட்டை தெரிந்தால் போதும்.

படிக்கும்போது நான்கு எண்களைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்: 16, 256, 65536, 4294967296. ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கம். இவை இந்தக் கதையில் வேறு வேறு நாடுகளில், வேறு வேறு வேலைக்காகத் திரும்பத் திரும்ப வரும்.

படி 1: எகிப்தியர்கள் போல இரட்டியுங்கள்

அடுக்குக்குப் போகும் முன் பெருக்கலைப் பார்த்துவிடுவோம். அடிப்படை யோசனை அங்கேயே இருக்கிறது.

ரிண்ட் பாப்பிரஸ் என்று ஒரு எகிப்தியச் சுருள். ஏறக்குறைய கி.மு. 1550-இல் அஹ்மோஸ் என்ற எழுத்தர் அதைவிடப் பழைய ஒரு சுருளைப் பார்த்துப் படியெடுத்தது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் 79-ஆவது கணக்கில் 7 வீடுகள், 49 பூனைகள், 343 எலிகள் என்று 7-இன் அடுக்குகள் 16807 வரை போகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் 19607. பக்கத்திலேயே 2801 × 7 என்று போட்டும் அதே விடையைக் காட்டியிருக்கிறார்கள். எப்படித் தெரியுமா? 7-ஆம் வாய்ப்பாடு இல்லாமல்:

1 — 2801
2 — 5602
4 — 11204

ஒவ்வொரு வரியும் மேலே உள்ளதன் இரட்டிப்பு. 1 + 2 + 4 = 7. ஆகவே மூன்று வரியையும் கூட்டினால் 19607. அவர்களுக்கு இரட்டிக்கத் தெரிந்தது, கூட்டத் தெரிந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

13-ஆல் பெருக்க வேண்டும் என்றால் 1, 2, 4, 8 வரிகளை எழுதி 8, 4, 1 ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக் கூட்டுவார்கள். 24-ஐப் போட்டுப் பாருங்கள்: 192 + 96 + 24 = 312.

எந்த எண்ணையும் 1, 2, 4, 8, 16... ஆகியவற்றின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதே இதன் உயிர். கூட்டலின் இடத்தில் பெருக்கலையும், இரட்டிப்பின் இடத்தில் வர்க்கத்தையும் வைத்தால் அடுக்கு காணும் முறை வந்துவிடும். எகிப்தியர்கள் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. அது நடந்த இடம் வேறு.

படி 2: செய்யுளை எண்ணுங்கள்

பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கு நேர், நிரை மறந்திருக்காது. இரண்டு அசை சேர்ந்தால் நான்கு சீர்: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். மூன்றாவதாக நேர் வந்தால் காய், நிரை வந்தால் கனி, ஆக எட்டு. நாலசைச் சீர் பதினாறு. ஒவ்வொரு அசை கூடும்போதும் எண்ணிக்கை இரட்டிப்பதைப் பாருங்கள். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அது 2-இன் அடுக்கு என்று யாரும் சொல்லவில்லை.

சமஸ்கிருத யாப்பில் இதே நிலை வேறு அலகுகளோடு வரும். அங்கே ஒவ்வொரு அசையும் குரு (நெடியது) அல்லது லகு (குறியது). ஒரு பாதத்தில், அதாவது ஒரு அடியில், 6 அசை இருந்தால் எத்தனை வகை? 2-இன் 6-ஆம் அடுக்கு. 8 அசை, 11 அசை, 12 அசை, இன்னும் நீளமான பாதங்களும் அந்த மரபில் உண்டு. எல்லா வகையையும் வரிசையாக எழுதிப் பார்த்து எண்ணுவது நடக்கிற காரியம் அல்ல. எழுதாமலே எண்ணிக்கையைச் சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது.

அந்த வழியைச் சொன்னவர் பிங்கலர். சந்த சாஸ்திரம் என்ற அவருடைய சூத்திர நூல் ஏறக்குறைய கி.மு. 200-ஐ ஒட்டியது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். எட்டாம் அத்தியாயத்தில் அடுத்தடுத்து நான்கு சிறிய சூத்திரங்கள்:

த்விரர்தே — பாதியாக்கினால் '2' என்று குறி.
ரூபே சூன்யம் — ஒன்றைக் கழித்தால் '0' என்று குறி.
த்வி: சூன்யே — 0 வந்த இடத்தில் இரண்டால் பெருக்கு.
தாவதர்தே தத்குணிதம் — பாதியாக்கிய இடத்தில் அதே எண்ணால் பெருக்கு.

முழு முறையும் இவ்வளவுதான். ஆனால் சூத்திரங்கள் சுருக்கமானவை. படித்தவுடன் புரியாது. 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் காயத்ரி என்ற யாப்பு வகையை எடுத்துக்கொண்டு விளக்குகிறார். பாதத்துக்கு 6 அசை, நான்கு பாதத்துக்கு 24. அந்த 6-ஐயே நாமும் எடுத்துக்கொள்வோம்.

இறங்கும்போது:

6 இரட்டை. பாதி 3. குறி: 2
3 ஒற்றை. ஒன்று கழித்தால் 2. குறி: 0
2 இரட்டை. பாதி 1. குறி: 2
1 ஒற்றை. ஒன்று கழித்தால் 0. குறி: 0

இங்கே நிறுத்திவிடுங்கள். இனி கீழிருந்து மேலே. 1-இல் தொடங்குங்கள்:

குறி 0: 1 × 2 = 2
குறி 2: 2 × 2 = 4
குறி 0: 4 × 2 = 8
குறி 2: 8 × 8 = 64

விடை 64.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அங்கே 2 × 2 என்று எழுதியிருப்பது 'இரண்டால் பெருக்கு' என்பதால் அல்ல, 'அதே எண்ணால் பெருக்கு' என்பதால். கையில் இருந்த எண்ணும் 2 ஆக இருந்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. முதல் தடவை போடும்போது நான் குழம்பிய இடம் இது. கடைசி வரிக்கு வந்தால் 8 × 8 என்று வேறுபாடு தெளிவாகிவிடும்.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கும். குறிகளை மேலிருந்து கீழாகவே படித்துவிடுவது. அப்படிச் செய்தால் 1-இன் வர்க்கம் 1, அப்புறம் 2, அப்புறம் 4, அப்புறம் 8. விடை 8 என்று வரும். இறங்கிய வழியிலேயே திரும்பி ஏற வேண்டும் என்பதுதான் இந்த முறையில் மறக்கக் கூடாத ஒன்று.

இங்கே சூன்யம் என்ற சொல் வருவதையும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும். அது எண்ணாக வரவில்லை. 'இந்த இடத்தில் ஒன்று கழிந்தது' என்று நினைவில் வைக்க ஒரு அடையாளம், அவ்வளவே. அந்தச் சொல் ஒரு கணக்கு வழிமுறைக்குள் குறியாக வருகிற மிகப் பழைய இடங்களில் இது ஒன்று.

படி 3: ஏன் சரியாக வருகிறது என்று பாருங்கள்

காரணம் எளிது. அடுக்கு இரட்டை எண் என்றால், பாதி அடுக்கைக் கண்டு அதை அதனாலேயே பெருக்கினால் போதும்: 2-இன் 6-ஆம் அடுக்கு என்பது 2-இன் 3-ஆம் அடுக்கின் வர்க்கம். ஒற்றை எண் என்றால் ஒன்று குறைந்த அடுக்கைக் கண்டு, கூட ஒரு முறை 2-ஆல் பெருக்கினால் போதும். கேள்வியைச் சின்னக் கேள்வியாக்கிக்கொண்டே போய், 0-ஆம் அடுக்கு 1 என்ற இடத்தில் நின்று, திரும்பி ஏறுகிறோம்.

6-ஐ இரும எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் கொண்டு, எழுதினால் 110 (4 + 2). முதல் இலக்கத்துக்கு அடுத்து வரும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வர்க்கம், இலக்கம் 1 ஆக இருந்தால் கூட ஒரு பெருக்கல். பிங்கலரின் குறிகள் இதைத்தான் சொல்கின்றன. எத்தனை பெருக்கல் ஆகும் என்பதையும் இதிலிருந்தே சொல்லிவிடலாம்: இரும இலக்கங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, அதோடு 1-களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 30 என்பது 11110. 4 + 3 = 7. ஆரம்பத்தில் சொன்ன 7 இதுதான்.

அடுக்கு எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு லாபம். ஆயிரத்தை ஒட்டிய அடுக்குக்குப் பத்து இரும இலக்கம். அதிகபட்சம் 18 பெருக்கல். பத்து லட்சத்தை ஒட்டிய அடுக்குக்கு 20 இலக்கம், அதிகபட்சம் 38.

படி 4: பாஸ்கரரின் சோழிக் கணக்கைப் போடுங்கள்

இந்தியாவில் இந்த முறை யாப்பு நூலோடு நின்றுவிடவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்தில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், பெருக்குத் தொடரின் (ஒவ்வொரு எண்ணும் முந்தையதன் ஒரே மடங்காக வரும் வரிசையின்) கூடுதலைக் காண இதைக் கையாண்டார். 1150-இல் பாஸ்கராசாரியர் லீலாவதி என்ற தன் கணித நூலில் இன்னும் அழகாகச் சொன்னார். பிங்கலரின் 2, 0 குறிகளுக்குப் பதில் அவர் சொல்களை வைத்தார். ஒற்றை என்றால் ஒன்று கழித்து 'குணகம்' (பெருக்கும் எண்) என்று எழுது, இரட்டை என்றால் பாதியாக்கி 'வர்க்கம்' என்று எழுது. சொல்லே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. 2-க்கு மட்டுமல்ல, எந்த எண்ணின் அடுக்குக்கும் இது அப்படியே பொருந்தும். 

அவர் தரும் கணக்கு: ஒருவர் கேட்டு வந்தவருக்கு முதல் நாள் 2 சோழி கொடுத்தார். தினமும் முந்தைய நாளைப் போல இரண்டு மடங்கு தருவதாக வாக்கு. ஒரு மாதத்தில் எத்தனை நிஷ்கம் (அந்தக் காலக் காசு) கொடுத்திருப்பார்?

மாதம் 30 நாள். இறங்குங்கள்:

30 → 15, வர்க்கம்
15 → 14, குணகம்
14 → 7, வர்க்கம்
7 → 6, குணகம்
6 → 3, வர்க்கம்
3 → 2, குணகம்
2 → 1, வர்க்கம்
1 → 0, குணகம்

இப்போது 1-இல் தொடங்கிக் கீழிருந்து ஏறுங்கள்:

குணகம்: 2
வர்க்கம்: 4
குணகம்: 8
வர்க்கம்: 64
குணகம்: 128
வர்க்கம்: 16384
குணகம்: 32768
வர்க்கம்: 1073741824

முதல் வரி வெறும் 1 × 2, அதைப் பெருக்கலாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். மீதி ஏழு. கடைசி வர்க்கம் மட்டும்தான் கொஞ்சம் வேலை வாங்கும். 32768 × 32768-ஐக் கையால் போட ஐந்து நிமிடம் பிடிக்கும். அவசரப்படாமல் போடுங்கள்.

இனி தொடரின் கூடுதல். கிடைத்ததில் 1-ஐக் கழித்து, மடங்கில் ஒன்று குறைந்ததால் வகுத்து (2 – 1 = 1, ஆக அப்படியே), முதல் நாள் கொடுத்த 2-ஆல் பெருக்க வேண்டும்:

1073741823 × 2 = 2147483646 சோழி.

இதைக் காசாக்க வேண்டும். லீலாவதியின் தொடக்கத்திலேயே வாய்ப்பாடு இருக்கிறது: 20 சோழி ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம், 16 பணம் ஒரு திரம்மம், 16 திரம்மம் ஒரு நிஷ்கம். ஆக ஒரு நிஷ்கம் 20480 சோழி. வகுத்துக்கொண்டே வந்தால்:

104857 நிஷ்கம், 9 திரம்மம், 9 பணம், 2 காகிணி, 6 சோழி.

நீங்களே வகுத்துச் சரிபாருங்கள். அந்த 6 சோழி வரை ஒத்துப்போகும்போது, எண்ணூறு ஆண்டுக்கு மேல் பழைய ஒரு பாடத்தில் உட்கார்ந்து எழுந்ததுபோல இருக்கும்.

புரோகிராம் எழுதுபவர்கள் 2147483646-ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அதோடு ஒன்று கூட்டினால் 2147483647: கணினியில் 32 பிட்டில் (32 இரும இலக்கத்தில்) வைக்கும், கூட்டல் கழித்தல் குறியுள்ள முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண். மாதக் கடைசியில் அந்தப் புண்ணியவான் இன்னும் இரண்டு சோழி கொடுத்திருந்தால் அந்த இடத்தில் கணக்கு வழிந்திருக்கும்.

இதே இடத்தில் லீலாவதி யாப்புக்கும் திரும்பிப் போகிறது. பாதத்துக்கு 8 அசை கொண்ட அனுஷ்டுப்பில் நான்கு பாதமும் ஒரே மாதிரி இருக்கும் வகைகள் 256. ஒன்றும் மூன்றும் ஒரு மாதிரி, இரண்டும் நான்கும் வேறு மாதிரி என்றால் 256-இன் வர்க்கத்தில் 256 கழித்து 65280. இந்த இரண்டு வகையிலும் சேராதவை 65536-இன் வர்க்கத்தில் 65536 கழித்து 4294901760. நான் கவனிக்கச் சொன்ன எண்கள் முதல் முறையாக வரிசையாக வந்துவிட்டன: 256, 65536, 4294967296.

படி 5: சதுரங்கப் பலகையில் தாண்டுங்கள்

இந்தியாவுக்கு வெளியே இந்த முறை தெளிவாகத் தெரிவது 10-ஆம் நூற்றாண்டு அரபு நூல்களில். டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி இந்திய எண்முறை பற்றி 952-ஐ ஒட்டி எழுதிய நூலில், எத்தனை முறை இரட்டிப்பதாக இருந்தாலும் சுருக்கமாக முடிப்பது எப்படி என்று விளக்குகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அல்-பிரூனி சொல்லும் விதம். 1000-ஐ ஒட்டி அவர் எழுதிய, பழைய நாடுகளின் காலக்கணக்கு பற்றிய நூலில் சதுரங்கப் பலகைக் கணக்கு வருகிறது. முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, அப்புறம் 4 என்று 64 கட்டமும் நிரப்பினால் மொத்தம் எவ்வளவு? அவருடைய விதி: ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை வர்க்கமாக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதே அளவு இன்னும் தள்ளி இருக்கும் கட்டத்தின் எண் கிடைக்கும்.

போட்டுப் பாருங்கள். 5-ஆம் கட்டத்தில் 16. முதல் கட்டத்திலிருந்து 4 தள்ளி. இன்னும் 4 தள்ளினால் 9-ஆம் கட்டம். 16 × 16 = 256. சரிதானே. 9-இலிருந்து 17, அங்கிருந்து 33, அங்கிருந்து 65. பலகையில் 65-ஆம் கட்டம் இல்லை. ஆனால் 64 கட்டத்தின் கூடுதல் என்பது இல்லாத அந்த 65-ஆம் கட்டத்தின் எண்ணில் ஒன்று குறைவு. ஆகவே:

16 → 256 → 65536 → 4294967296 → 18446744073709551616

ஒன்று கழித்தால் 18446744073709551615. பதினாறிலிருந்து நான்கே வர்க்கம். மீண்டும் அதே எண்கள். குரு லகுவை எண்ணப் போனவருக்கும் தானியத்தை எண்ணப் போனவருக்கும் ஒரே படிக்கட்டு.

படி 6: இறங்காமலே ஏறுங்கள்

இதுவரை பார்த்ததில் ஒரு சிரமம் உண்டு. குறிகளை எழுதிவைத்துக்கொண்டு தலைகீழாகப் படிக்க வேண்டும். 1427-இல் சமர்கண்டில், அதை ஆண்ட உலுக் பெக்கின் ஆதரவில் இருந்த கணித அறிஞர் அல்-காஷி எழுதி முடித்த 'கணிதத்தின் திறவுகோல்' நூலில் மறுபக்கத்திலிருந்து போகும் முறை இருக்கிறது. இதில் குறிப்பட்டியலே வேண்டாம். இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: ஓடிக்கொண்டே இருக்கும் வர்க்கம் ஒன்று, சேர்ந்துகொண்டே வரும் விடை ஒன்று.

3-இன் 13-ஆம் அடுக்கைப் பார்ப்போம். விடையை 1 என்று வைத்துத் தொடங்குங்கள்.

13 ஒற்றை: விடை 1 × 3 = 3. வர்க்கம் 9. பாதி 6.
6 இரட்டை: விடை அப்படியே 3. வர்க்கம் 81. பாதி 3.
3 ஒற்றை: விடை 3 × 81 = 243. வர்க்கம் 6561. பாதி 1.
1 ஒற்றை: விடை 243 × 6561 = 1594323. முடிந்தது.

ஒற்றை எண்ணைப் பாதியாக்கும்போது மீதி ஒன்றை விட்டுவிட வேண்டும், அது விடையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. பாருங்கள், 13-ஐ 1 + 4 + 8 என்று பிரித்து அந்தந்த அடுக்குகளை மட்டும் எடுத்துப் பெருக்கியிருக்கிறோம். படி 1-இல் அஹ்மோஸ் வழியில் 24 × 13 போட்டபோது தேர்ந்தெடுத்த அதே மூன்று வரிகள்.

லீலாவதி வழியில் இதையே போட்டால் 3, 9, 27, 729, 531441, 1594323. அதுவும் ஐந்து பெருக்கல், இதுவும் ஐந்து. கையால் போடுபவருக்கு எது நல்லது? என்னைக் கேட்டால் பாஸ்கரர் வழி. குணகம் வரும் இடத்தில் எல்லாம் சின்ன எண்ணான 3-ஆல்தான் பெருக்குகிறோம். அல்-காஷி வழியில் 243 × 6561 போல இரண்டு பெரிய எண்கள் மோதிக்கொள்ளும். ஆனால் கணினியில் அடுக்கின் இலக்கங்கள் கடைசியிலிருந்து வரும்போது அல்-காஷி வழி இயல்பாகப் பொருந்தும்.

படி 7: மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

வர்க்கமாக்கிக்கொண்டே போனால் எண்கள் வீங்கிவிடும். அதற்கு ஒரு மருந்து உண்டு: ஒவ்வொரு படியிலும் ஒரு எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வது. இதற்கு நல்ல கணக்கு ஒன்று நம் எண்களிலேயே இருக்கிறது.

நம் படிக்கட்டின் ஒவ்வொரு எண்ணோடும் ஒன்று கூட்டுங்கள்: 17, 257, 65537. மூன்றும் பகா எண்கள். 1640-ஐ ஒட்டிக் கணித அறிஞர் ஃபெர்மா, இது எப்போதும் இப்படியே போகும் என்று நம்பினார். அடுத்தது 4294967297. கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 1732-இல் ஆய்லர் இதை 641 வகுக்கும் என்று கண்டார். இதற்கு வகுக்கும் எண் ஏதும் இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதால், சோதிக்க வேண்டிய பகா எண்களில் 641 ஐந்தாவதாகவே வந்துவிடும்.

4294967297-ஐ நேராக வகுக்காமல் இதைச் சரிபார்க்கலாம். 2-இன் 32-ஆம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் வரும் மீதி மட்டும் போதும்:

2-இன் 4-ஆம் அடுக்கு: 16
8-ஆம் அடுக்கு: 256
16-ஆம் அடுக்கு: 65536. இதில் 641 × 102 = 65382 போனால் மீதி 154
32-ஆம் அடுக்கு: 154 × 154 = 23716. இதில் 641 × 36 = 23076 போனால் மீதி 640

மீதி 640. ஒன்று கூட்டினால் 641, மீதியில்லாமல் போய்விடும். ஆகவே 4294967297 பகா எண் அல்ல. ஒரு சின்னத் தாளில், ஐந்திலக்க எண்ணைத் தாண்டாமல், பத்திலக்க எண்ணைப் பற்றிய ஒரு உண்மையை நிறுவிவிட்டோம்.

படி 8: இன்று உங்கள் கையில் இருக்கும் 65537

1976-இல் டிஃபி, ஹெல்மேன் இருவரும், 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மேன் மூவரும் கொண்டுவந்த பொதுச்சாவி மறையாக்கம் (ஒரு சாவியை எல்லோருக்கும் தெரியவைத்து, இன்னொன்றை ரகசியமாக வைத்துச் செய்தியைப் பூட்டும் முறை) முழுக்க முழுக்கப் படி 7-ஐ நம்பி இருக்கிறது. ஒரு பெரிய எண்ணை மிகப் பெரிய அடுக்குக்கு உயர்த்தி, மீதியை எடுக்க வேண்டும். 2048 பிட் நீளமுள்ள அடுக்கை ஒவ்வொன்றாகப் பெருக்கிக் காண உலகத்தின் ஆயுள் போதாது. பாதியாக்கி வர்க்கமாக்கினால் இரண்டாயிரத்துச் சொச்சம் வர்க்கம், ஏறக்குறைய ஆயிரம் பெருக்கல். கண்ணிமைக்கும் நேரம்.

அந்த மூவரின் பெயரால் வழங்கும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுச்சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது 65537. ஏன் அந்த எண்? இரும வடிவில் அது 1, நடுவில் பதினைந்து 0, கடைசியில் 1. பதினாறு வர்க்கம், ஒரே ஒரு குணகம். 17 பெருக்கலில் வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு ஆபத்தும் இருந்தது. 1996-இல் மறையாக்க ஆய்வாளர் பால் கோச்சர் காட்டினார்: ரகசிய அடுக்கில் 1 வரும் இடத்தில் கணினி கூடுதலாக ஒரு பெருக்கல் செய்வதால் நேரம் சற்று அதிகமாகிறது. அந்த நேரத்தைப் பலமுறை அளந்தால் ரகசியச் சாவியையே எடுத்துவிடலாம். அதாவது, நீங்கள் தாளில் எழுதிய 'வர்க்கம், குணகம்' பட்டியலைப் பார்க்காமல், நீங்கள் பேனா ஓட்டும் நேரத்தை மட்டும் கவனித்து ஒருவர் அந்தப் பட்டியலைச் சொல்லிவிடுகிறார். இதற்குத் தடுப்புகளில் ஒன்று, 1 வந்தாலும் 0 வந்தாலும் ஒவ்வொரு படியிலும் ஒரு பெருக்கலும் ஒரு வர்க்கமும் கட்டாயம் செய்துவிடுவது. பீட்டர் மான்ட்கோமரி 1987-இல் வேறொரு தேவைக்காகச் சொன்ன ஏணி முறை இதற்கு நன்றாகப் பொருந்தியது. வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்குகிறோம்.

படி 9: இதைவிடக் குறைவாக முடியுமா?

முடியும், சில எண்களுக்கு. 15-ஆம் அடுக்கை எடுங்கள். 15 என்பது 1111, ஆக 3 + 3 = 6 பெருக்கல். ஆனால் முதலில் 3-ஆம் அடுக்கைக் கண்டு (2 பெருக்கல்), அதை 5-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் (3 பெருக்கல்) மொத்தம் 5-இல் முடிந்துவிடும்.

அப்படியானால் ஒரு அடுக்குக்கு மிகக் குறைந்த பெருக்கல் எத்தனை? 1894-இல் ஒரு ஃபிரெஞ்சுக் கணித இதழில் டெல்லாக் என்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். 1937-இல் ஆர்னால்ட் ஷோல்ஸ் இதை அடுக்குகளின் கூட்டல் சங்கிலியாக வடிவமைத்தார்: 1-இல் தொடங்கி, ஒவ்வொரு எண்ணும் ஏற்கெனவே உள்ள இரண்டு எண்களின் கூடுதலாக இருக்க வேண்டும். இறுதி எண்ணை அடைய எத்தனை படி? இரண்டு ஆண்டு கழித்து ஆல்ஃபிரட் பிரௌவர் இதில் முக்கியமான முடிவுகளை நிறுவினார். 2-இன் ஒரு அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு, அதாவது இருமத்தில் 1111... என்று முழுக்க ஒன்றாக இருக்கும் எண்களுக்கு, சங்கிலி எவ்வளவு நீளம் வரை போகலாம் என்று ஷோல்ஸ் ஊகித்த எல்லை எல்லா எண்களுக்கும் உண்மை என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. பிங்கலர் தொடங்கிவைத்த கணக்கில் மிச்சம் இருக்கும் வேலை இது.

உங்களுக்கு ஒரு கணக்கு. 23 பகா எண், ஆகவே 15-க்குச் செய்ததுபோலப் பிரிக்க முடியாது. இருமத்தில் 10111; பழைய வழியில் 4 + 3 = 7 பெருக்கல். ஆறில் முடிக்க வழி உண்டு. கீழே பார்க்கும் முன் அரை மணி நேரம் முயன்று பாருங்கள்.

1, 2, 3, 5, 10, 20, 23.

3 = 2 + 1. 5 = 3 + 2. 10-உம் 20-உம் இரட்டிப்பு. கடைசியில் 20-ஆம் அடுக்கை, நாம் பத்திரமாக எடுத்துவைத்திருந்த 3-ஆம் அடுக்கால் பெருக்குகிறோம்.